பிளினி எழுதாமல் விட்ட பெயர்

போன மாதம் முகநூலில் ஒரு படம் சுற்றியது. பின்னால் சீகிரியா, முன்னால் தாடி வைத்த ஒரு ரோமானியர். கீழே பெரிய எழுத்தில்: “2000 வருடத்துக்கு முன்பே இலங்கையில் அடிமைகளே இல்லை! சொன்னவர் ரோமானிய அறிஞர் பிளினி!” என் நண்பர்கள் பட்டியலில் இருந்தே பத்துப் பதினைந்து பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். சிங்கள நண்பர்கள், தமிழ் நண்பர்கள் எல்லோரும்தான். பெருமைப்படுவதில் மட்டும் நாங்கள் ஒற்றுமை.

எனக்கு அந்த வரியைப் பார்த்ததும் ஒரு மாதிரி இருந்தது. நான் பிறந்தது கேகாலையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பால் வெட்டியே கை காய்த்துப்போனவர்களின் பேரப்பிள்ளை, “இந்தத் தீவில் யாருக்கும் அடிமை இல்லை” என்ற வரியைச் சும்மா கடந்துபோக முடியுமா? சரி, இந்த ஆள் உண்மையில் என்னதான் எழுதினார், யார் சொல்லிக் கேட்டு எழுதினார் என்று தேடிப் பார்த்தேன். படம் பொய் சொல்லவில்லை. பிளினி அப்படி எழுதித்தான் இருக்கிறார். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

காயுஸ் பிளினியுஸ் செகுண்டுஸ். கி.பி. 23 அல்லது 24இல் வட இத்தாலியின் கோமோ ஊரில் பிறந்தவர். மருமகனுக்கும் அதே பெயர் என்பதால் இவரை மூத்த பிளினி என்பார்கள். ஜெர்மனிப் பக்கம் குதிரைப்படையில் இருந்தார், பிறகு மாகாண நிர்வாகி, கடைசியில் நேப்பிள்ஸ் வளைகுடாவில் மிசேனும் துறைமுகத்துக் கடற்படைக்குத் தளபதி. இத்தனை உத்தியோகத்துக்கும் நடுவில் 37 புத்தகங்கள் கொண்ட “இயற்கை வரலாறு” என்ற பெரும் தொகுப்பை எழுதினார். வானம், நிலம், மனிதர், மிருகம், மரம், மருந்து, உலோகம், இரத்தினக்கல் எல்லாமே அதில் உண்டு. கி.பி. 77இல் அதைப் பேரரசர் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸுக்குச் சமர்ப்பித்தார். சுமார் 2000 நூல்களை வாசித்து 20,000 செய்திகளைத் திரட்டியதாக அவரே கணக்குச் சொல்கிறார். முதல் புத்தகம் முழுக்க பொருளடக்கமும், எந்தெந்த ஆசிரியரிடம் எடுத்தேன் என்ற பட்டியலும்தான். எங்கள் அசைன்மென்ட்டுகளில் பாதிக்கு இல்லாத ஒழுங்கு.

அவர் எப்படி வேலை செய்தார் என்பதை மருமகன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சாப்பிடும்போதும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். குளித்துவிட்டு உடம்பு துடைக்கும்போதும் வாசிக்க வேண்டும். பயணம் போனால் பக்கத்தில் ஒருவர் புத்தகத்தோடும் எழுதும் பலகையோடும் இருப்பார். குளிர்காலத்தில் அந்த எழுத்தாளருக்குக் கை விறைத்து எழுத்து நின்றுவிடக் கூடாதென்று கையை மூடி வைக்க ஏற்பாடு. ஒருமுறை வாசித்தவர் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்க, ஒரு நண்பர் அவரை நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னாராம். பிளினிக்குக் கோபம். விளங்கியதுதானே, பிறகு ஏன் நிறுத்தினாய், பத்து வரி போச்சு என்ற மாதிரிக் கேட்டிருக்கிறார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரோமானிய வீடுகளில் வாசித்துக் காட்டுவதும் சொல்லச் சொல்ல எழுதுவதும் பெரும்பாலும் அடிமைகளின் வேலை. “இலங்கையில் அடிமை இல்லை” என்ற வரியையும் அநேகமாக ஓர் அடிமையின் கைதான் எழுதியிருக்கும்.

இனி நம் தீவுக்கு வருவோம். பிளினி இதைத் “தப்ரொபானே” என்கிறார். பாளியில் தம்பபண்ணி, நமக்குத் தாமிரபரணி. ஆறாவது புத்தகத்தில் இதற்குத் தனியாகவே சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். முதல் பாதி பழைய கிரேக்கர்களிடம் எடுத்தது. அடுத்த பாதிக்கு வந்ததும் தன்னிடம் புதுச் செய்தி இருப்பதாகச் சொல்கிறார். அது எப்படிக் கிடைத்தது என்பதுதான் அசல் கதை.

அன்னியுஸ் புளோகாமுஸ் என்று ஒரு ரோமர். செங்கடல் பகுதியின் வரியை வசூலிக்கும் உரிமையை அரசிடம் குத்தகைக்கு எடுத்தவர். அவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் தப்ரொபானேயில் ஹிப்புரோஸ் என்ற துறையில் கரை சேர்கிறார். அரசன் அவரை நன்றாகக் கவனித்துக்கொள்கிறான். ஆறு மாதத்தில் அவர் இங்கத்தைய பாஷையைப் பேசக் கற்றுக்கொள்கிறார். அரசன் ரோமைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். அவரிடம் இருந்த வெள்ளி தெனாரியுஸ் காசுகளைப் பார்க்கிறான். காசுகளில் வெவ்வேறு ஆட்களின் முகம், ஆனால் எடை ஒன்றே. இவர்கள் நேர்மையானவர்கள் என்று அவனுக்குப் பட்டுவிடுகிறது. ராக்கியாஸ் என்பவர் தலைமையில் 4 தூதர்களை ரோமுக்கு அனுப்புகிறான். இது கிளாடியுஸ் பேரரசர் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில் நடந்ததாகப் பிளினி சொல்கிறார்.

ஹிப்புரோஸ் என்ற சொல்லில் “குதிரை” என்பதற்கான கிரேக்கச் சொல் இருக்கிறது. வில்பத்துக்கு மேற்கே கடலோரத்தில் குதிரைமலை இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று ஆய்வாளர் பலர் நினைக்கிறார்கள். ராக்கியாஸ் என்பது பெயரே இல்லை, “ராஜா” மாதிரி ஒரு பட்டம் என்றும் ஒரு கருத்து உண்டு.

சரி, தீவைப் பற்றிப் பிளினி எழுதியவற்றில் எவ்வளவு உண்மை? இதற்குப் பேராசிரியர் தேவையில்லை. கேகாலையில் இருந்துகொண்டே பாதியைச் சோதித்துப் பார்க்கலாம்.

தீவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் கடல் ஆழமில்லை, ஆனால் சில வாய்க்கால்கள் மட்டும் நங்கூரம் எட்டாத ஆழம் என்கிறார். பாக்குநீரிணை ஆழமற்ற கடல் என்பது மன்னாரில் எந்த மீன்காரரைக் கேட்டாலும் தெரியும். கடலுக்கடியில் அடர் பச்சையாய் மரங்கள், சுக்கான் அதில் உரசும் என்கிறார். முருகைக்கற்பாறையைப் பார்த்த ஒருவர் சொன்ன மாதிரியே இருக்கிறது. மாலுமிகள் பறவைகளைக் கூடவே கொண்டுபோய், கரை தெரியாதபோது பறக்கவிட்டு அதன் பின்னால் போவார்கள் என்கிறார். இந்தப் பழக்கம் பழைய பௌத்தக் கதைகளிலும் வருகிறது.

நிழல் விஷயம் இன்னும் நல்லது. ரோமில் தங்கள் நிழல் வடக்குப் பக்கம் விழுவதைப் பார்த்துத் தூதர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். ஏப்ரல் பிறந்தால் “சூரியன் இன்று இன்ன ஊருக்கு மேலே உச்சம் கொடுக்கும்” என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது அல்லவா? கேகாலைக்கும் உச்சம் கொடுக்கும், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பவும் கொடுக்கும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் நிழல் நமக்குத் தெற்கே விழும். ரோமிலோ வருடம் முழுக்க வடக்கேதான். இங்கிருந்து போன ஆளுக்கு அது அதிசயமாய் இருந்திருக்கும். ஆகவே உண்மையிலேயே இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் பேசியிருக்கிறார் என்று நம்ப இடமிருக்கிறது.

அடுத்த வரியிலேயே பிளினி சறுக்குகிறார். ரோமில் சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் பார்த்து, இது ஏதோ புது வானம் என்று தூதர்கள் வியந்தார்களாம். என்ன பேச்சு இது! கார்த்திகை மாதம் விளக்கு வைக்கும்போது கிழக்கே எழும்புகிற ஆறு மீனைக் காட்டாத பாட்டி யார்? அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அந்த அருந்ததி சப்தரிஷிக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே மாத இரவில் மேகம் இல்லாவிட்டால் எங்கள் லயத்து வாசலில் நின்றே வடக்கே பார்க்கலாம். அந்த இரண்டையும் தெரியாத ஒரு இலங்கையர் இருந்திருக்க மாட்டார். “தெற்கே போனால் நம் நட்சத்திரங்கள் தெரியாது” என்ற கிரேக்கர்களின் பழைய நினைப்பைத்தான் யாரோ தூதர்களின் வாயில் வைத்திருக்கிறார்கள். இதே மாதிரி இங்கே ஜனங்கள் புலி வேட்டையாடுவார்கள் என்றும் எழுதுகிறார். இலங்கையில் இருப்பது சிறுத்தை.

ஆக, ஒரே பக்கத்தில் கண்ணால் பார்த்ததும் இருக்கிறது, கற்பனையும் இருக்கிறது. இப்போது அந்த முகநூல் வரிக்கு வருவோம்.

அடிமை இல்லை என்பதோடு பிளினி நிறுத்தவில்லை. பகலில் யாரும் தூங்குவதில்லை. தானியத்தின் விலை ஏறுவதே இல்லை. நீதிமன்றமும் இல்லை, வழக்கும் இல்லை. வயது முதிர்ந்த, இரக்கமுள்ள, பிள்ளையில்லாத ஒருவரை ஜனங்களே அரசராகத் தெரிவு செய்கிறார்கள். பிறகு பிள்ளை பிறந்தால் அவர் பதவி விலக வேண்டும், ஆட்சி பரம்பரைச் சொத்தாகிவிடக் கூடாதல்லவா. மரண தண்டனை தர அரசருக்கு 30 பேரின் பெரும்பான்மை வேண்டும். அதற்கும் மேல்முறையீடு உண்டு. நூறு வயது இங்கே சாதாரணம்.

வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதே காலத்தைப் பற்றி மகாவம்சம் என்ன சொல்கிறது? அனுராதபுரத்தில் பாதிகாபயன் என்ற அரசனுக்குப் பிறகு அவன் தம்பி மகாதாடிக மகாநாகன், அவனுக்குப் பிறகு அவன் மகன் ஆமண்டகாமணி. அண்ணன், தம்பி, மகன். இதைவிடப் பரம்பரை ஆட்சி வேண்டுமா? அந்த மகாதாடிக மகாநாகன் தன்னையும் அரசியையும் பிள்ளைகளையும் சங்கத்துக்கே அடிமையாகக் கொடுத்துவிட்டுப் பிறகு விலை கொடுத்து மீட்டுக்கொண்டான் என்று மகாவம்சம் சொல்கிறது. பக்திக்காகச் செய்த சடங்குதான். ஆனாலும் அடிமை என்பதே இல்லாத ஊரில் அப்படி ஒரு சடங்கு யாருக்கு விளங்கும்?

இன்னொன்று. பிளினிக்கு 350 வருடத்துக்கு மேல் முன்பே, சந்திரகுப்த மௌரியனின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ் இந்தியாவிலும் அடிமைகள் இல்லை என்று எழுதிவிட்டார். தூர தேசம் என்றால் அங்கே அடிமை இல்லை, வழக்கு இல்லை, எல்லோரும் நல்லவர்கள் என்று எழுதுவது கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்களுக்கு ஒரு பழக்கம். எதற்காக? சொந்த ஊரைத் திட்டுவதற்கு. பரம்பரை ஆட்சி வேண்டாம் என்கிற பகுதியை எழுதும்போது பிளினி நீரோவின் காலத்தைத் தாண்டி வந்திருந்தார். எல்லாத் தெனாரியுஸும் ஒரே எடை என்று தப்ரொபானே அரசன் மெச்சியதாக எழுதுகிறார். நீரோ கி.பி. 64இல் அந்தக் காசின் எடையையே குறைத்துவிட்டான் என்பது அதை வாசித்த ரோமருக்குத் தெரியும். அந்த மெச்சலுக்குள் ஒரு குத்தல் இருக்கிறது. மிளகு பற்றி எழுதும்போதும் இதே குரல்தான்: காரத்தைத் தவிர ஒன்றுமில்லாத இதற்காக இந்தியா வரைக்கும் போகிறோமே என்று அலுத்துக்கொள்கிறார். வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று கணக்கும் காட்டுகிறார். எங்கள் வீட்டுக் கோடியில் கிளிசரியா மரத்தில் ஏறிக் கிடக்கிற மிளகுக்கொடியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த அலுப்புத்தான் ஞாபகம் வருகிறது.

எனவே பிளினியின் தப்ரொபானே பாதி இலங்கை, பாதி ரோம் தன் முகம் பார்த்த கண்ணாடி. அதை நம் சான்றிதழ் என்று சட்டகம் போட்டு மாட்டுவது சரியில்லை.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் பட்டது வேறொன்று. திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வரிக் குத்தகைக்காரருக்குப் பெயர் இருக்கிறது. தூதுக் குழுவின் தலைவருக்குப் பெயர் இருக்கிறது. கப்பலில் அடிபட்டு வந்து, ஆறு மாதத்தில் பாஷை கற்று, இரண்டு உலகத்தையும் பேச வைத்த அந்த மனிதருக்கு மட்டும் பெயர் இல்லை. “அன்னியுஸ் புளோகாமுஸின் விடுவிக்கப்பட்ட ஆள்.” அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பெயரைப் பட்டியல் போட்ட பிளினிக்கு அந்த ஒரு பெயரை எழுதத் தோன்றவில்லை.

இதில் ஒரு திருப்பம் உண்டு. எகிப்தில் நைல் நதிக் கரையில் இருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்குப் போகும் பாலைவனப் பாதையில், வாடி மெனி என்ற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. வழிப்போக்கர்கள் நிழலுக்கு ஒதுங்கிய இடம். அங்கே கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஒருவர் கிறுக்கி வைத்திருக்கிறார்: புளோகாமுஸின் ஆள் லூசாஸ் இங்கே வந்தேன் என்ற கருத்தில். தேதியும் உண்டு. கணக்குப் பார்த்தால் கி.பி. 6, ஜூலை மாதம். இந்தக் கல்வெட்டுகள் 1953இல் பிரசுரமானபோது ஆய்வாளர்கள் தடுமாறிப்போனார்கள். புளோகாமுஸ் கி.பி. 6இலேயே அந்தப் பக்கம் தொழில் செய்திருந்தால், தூது போனது கிளாடியுஸ் காலத்திலா, அதற்கும் முன்பு அகுஸ்டுஸ் காலத்திலா? அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

லூசாஸ்தான் நம் குதிரைமலைக்கு வந்தவர் என்று சொல்ல முடியாது. ஒரே முதலாளியின் வேறொரு ஆளாயிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பாறை பிடித்திருக்கிறது. 37 புத்தகம் எழுதியவர் விட்டுவிட்ட இடத்தில், ஓர் அடிமை வெயிலுக்கு ஒதுங்கிய நேரத்தில் தன் பெயரைத் தானே எழுதி வைத்திருக்கிறார். அப்போதும் முதலாளியின் பெயரைச் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது.

இது நமக்குப் புதுசா? பிரிட்டிஷ் காலத்து பெர்கூசன்ஸ் டிரெக்டரியை எடுத்துப் பாருங்கள். கேகாலைப் பக்கத்துத் தோட்டங்கள் வரிசையாய் இருக்கும். தோட்டத்தின் பெயர், எத்தனை ஏக்கர், சொந்தக்காரர் யார், துரை யார். காட்டை வெட்டி ரப்பர் நட்டுப் பால் வெட்டியவர்களின் பெயர் அதில் இருக்காது. இதை அம்மாயிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, “நம்ம பேர யாருப்பா எழுதுனா? பெரிய கங்காணி ஆளுங்கன்னுதான் சொல்லுவாங்க” என்றார். பிளினி எழுதிய அதே வாக்கியம். இன்னாருடைய ஆள்.

இதனால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டது பெயரைத்தான். இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கேதான் பிறந்தார், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கேதான் பிறந்தார்கள் என்று காட்டு என்றது. யாருமே எழுதி வைக்காத பெயருக்குக் கடதாசிக்கு எங்கே போவது? 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேர் ஒரு எண்ணாகிப் போனார்கள். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலையை முடித்துவைக்க 2003வரை சட்டம் வர வேண்டியிருந்தது. ஏட்டில் பெயர் இல்லாதது சின்ன விஷயமில்லை.

கடைசியாகப் பிளினியின் மரணம். கி.பி. 79இல் வெசுவியஸ் மலை வெடித்தது. உலகத்தில் நெருப்புக் கக்கும் மலைகளை எல்லாம் பட்டியல் போட்டவர் அவர். அந்தப் பட்டியலில், வீட்டு வாசலில் இருந்து தெரிகிற வெசுவியஸ் இல்லை. முதலில் அந்த மேகத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கத்தான் கப்பல் கேட்டார். பிறகு உதவி கேட்டு ஒரு கடிதம் வர, ஆட்களைக் காப்பாற்றப் பெரிய கப்பல்களோடு போனார். அங்கே ஸ்டாபியே கடற்கரையில், சாம்பலுக்கும் புகைக்கும் நடுவில் இரண்டு அடிமைப் பையன்களின் தோளைப் பிடித்து எழும்பியவர் அப்படியே விழுந்து செத்துப்போனார். இதை வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு எழுதிய மருமகன், மாமா யார் வீட்டில் தங்கினார் என்று பெயரோடு சொல்கிறார். கடைசியாக அவரைத் தாங்கிய இருவருக்குப் பெயர் இல்லை.

எனக்குப் பிளினி மேல் கோபம் இல்லை. கேட்டதை எல்லாம் எழுதி வைத்தார், யாரிடம் கேட்டேன் என்றும் எழுதினார். அதனால்தான் இன்றைக்கு நாம் அவரைச் சரிபார்க்கவாவது முடிகிறது. அந்தப் படத்தைப் பகிர்ந்த நண்பனுக்கும் இதைத்தான் சொன்னேன்: பகிர், பரவாயில்லை, ஆனால் யார் சொன்னது, யார் எழுதியது என்று ஒரு தடவை கேள்.

நான் இப்போது ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், எந்த மலையில் யார் பால் வெட்டினார்கள், 1964க்குப் பிறகு யார் யார் கப்பலேறினார்கள் என்று அம்மாயி சொல்லச் சொல்ல. இதுவரை 41 பெயர். சிலதுக்கு அவருக்குப் பட்டப்பெயர்தான் ஞாபகம் இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்கிறேன்.